கம்பெனியிலிருந்து வந்தது மாதிரி

பாம்பன் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் கடை.
சேகு மொபைல்ஸ்.
பலகையில் 'மொ' உப்புக்காற்றில் உதிர்ந்து இரண்டு வருஷம்.

முத்துராக்கு போனை மேசையில் வைக்கிறாள்.
வைத்த இடம் ஈரம்.
"பேங்க் ஆப்பு தொறக்க மாட்டேங்குது சேகு.
இந்தப் போனை யாரோ மாத்திட்டாங்கன்னு சொல்லுதாம்.
யாரு மாத்துனா?"

நான்தான்.
முந்நூறு வாங்கிக்கொண்டு பூட்டை உடைத்து
கம்பெனி போட்டனுப்பியதை வழித்தெறிந்து
எந்த ஊரிலோ எவனோ தூங்காமல் எழுதிய
வேறொன்றை ஏற்றினேன்.
கிழட்டுப் போன் முரல் மீனாய்த் துள்ளியது.
சார்ஜ் இரண்டு நாள் நின்றது.
ஒரே ஒரு குறை:
ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும்
கறுப்புத் திரையில் ஐந்து விநாடி ஆங்கிலம் நிற்கும்,
இந்தக் கருவியை நம்ப முடியாது என்று.

"அதுவா? ஏதோ சாமி பேருன்னு
நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

பழையபடி ஆக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் போகும், சொன்னேன்.
கொழுந்தன் கல்யாண வீடியோ?
"போகட்டும்."
பாட்டு?
"போகட்டும்."
தராசு முள் படம் நூற்றுப் பன்னிரண்டு.
பாசி யாவாரி எடை போடும்போதெல்லாம்
அவன் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்தவை.
"அதுல ஒண்ணு கொறஞ்சாலும்
ஒன் கடைக்கு வருவேன்."
கார்டில் ஏற்றினேன். எண்ணிப் பார்த்தாள்.

கம்பெனிக் கோப்பு நாலு ஜிபி.
ராத்திரி முழுக்க இறங்கியது.
பதிப்பில் ஓர் எண் பிசகினால் போன் டெட்,
நங்கூரத்துக்குக்கூட ஆகாது.
கச்சான் அடிக்கும் மாசம் வேறு.
கரண்ட் எப்போது போகும் என்று
கரண்டுக்கே தெரியாது.
வயர் ஆடாமல் ஒரு கையால் பிடித்திருந்தேன்.
கருந்திரையில் சரி, சரி, சரி என்று
வரிகள் இறங்கின.

அவள் அதைப் பார்க்கவில்லை.
விரல்களில் சுற்றிய சைக்கிள் ட்யூப் துண்டுகளை
ஒவ்வொன்றாய் உருவிக்கொண்டிருந்தாள்.
காலையில் பாறையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.
மரிக்கொழுந்துப் பாசி மணம் கடையெல்லாம்.
"ரேகை மெஷின்ல பத்து வெரலும் வச்சேன்.
பதினோராவது இருந்தாக் கொண்டாங்கிறான்.
அதுக்குத்தானப்பா இந்த ஆப்பு."

கடைசியாகப் பூட்டைப் போட்டேன்.
போன் அணைந்து எழுந்தது.
சாமி பேர் வரவில்லை.
கம்பெனி முத்திரை, பிறகு வணக்கம்,
பிறகு எனக்குத் தெரியாத எழுத்துகளில் எல்லாம் வணக்கம்.
சிம் போட்டதும் முதல் செய்தி:
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
அக்கரைக் கோபுரம் முந்திக்கொண்டது.
"நான் எங்கயும் போகலப்பா,"
போனைப் பார்த்துச் சொன்னாள்.

விரலை வைக்கவும்.
வைத்தாள்.
எடுத்து மீண்டும் வைக்கவும்.
சேலையில் துடைத்து வைத்தாள்.
சென்சாரைச் சுத்தம் செய்யவும்.
நான் என் சட்டையால் துடைத்தேன்.
கட்டைவிரல், இடதுகை, சுண்டுவிரல்.
போன் ஒவ்வொரு தடவையும் லேசாக நடுங்கி
மறுத்தது.
நான் அவள் விரலைப் பார்த்தேன்.
அலை போனபின் மணல் இருக்குமே,
அதில்கூடக் கோடு இருக்கும்.

'தவிர்' என்று ஓரமாய் இருந்ததை அழுத்தினேன்.
வேறென்ன செய்ய?

பேங்க் ஆப் திறந்தது.
அதன் பங்குக்கு அதுவும் வணக்கம் சொன்னது.

"எவ்வளவு?"
நான் வாயைத் திறக்குமுன்,
"கெடுக்க முந்நூறு வாங்குனே,
அதுக்கு மேல கேட்டுறாத."
நூற்றைம்பது என்றேன்.
நூறு வைத்தாள்.

ஆறு எண் ரகசியமாய்ப் போடச் சொன்னது.
"அங்கிட்டுத் திரும்பு."
திரும்பினேன்.
ராமேஸ்வரம் பஸ் ஒன்று
ஆளை இறக்காமலே போயிற்று.
முதுகுக்குப் பின்னால் தட்டல் கேட்டது:
ஐந்து சடசடவென்று.
ஆறாவதுக்குக்
கொஞ்சம் யோசித்தாள்.